இணையாட்டமும் பங்காளியும்

(கம்பத்தில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



 இவ்விடத்தில் நின்று பேசுவோர் கல்வியைப் பற்றியோ, கைத்தொழிலைப் பற்றியோ, கலியாணச் செலவைக் குறைப்பது பற்றியோ பேசுவதே மரபு. யாமோ இன்று டென்னிஸ் என்னும் பந்தாட்டத்தைப் பற்றியும், அதிலும் இருவர் இருவராக நின்று ஆடும் இரட்டையர் ஆட்டத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒருவரது வாழ்க்கையைப் பற்றியும் பேச எழுந்துள்ளோம். "திராட்சைக்கு விலை நிற்கவில்லை, ஏலத்துக்கு மழை தவறுகிறது என்று நாம் தவித்திருக்க, சீமான்கள் ஆடும் பந்தாட்டம் நமக்கு எதற்கு?" என்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் சிலர் எண்ணக்கூடும். அன்னார் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். பேச்சின் முடிவில் நமது உபகாரச் சம்பள நிதியைக் குறித்து ஒரு தீர்மானத்தைச் சபையின் முன் வைக்கப் போகின்றோம். அதற்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் போகப் போக விளங்கும்.

முதலில் ஆட்டத்தின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒருவரோடு ஒருவர் எதிர்த்து ஆடுங்கால் அதன் அகலம் 27 அடி. இரட்டையர் ஆடுங்கால் இருபுறமும் நாலரை அடி கூடி 36 அடியாகிறது. அதாவது, ஆட்கள் இருமடங்கு ஆகின்றனர்; நிலமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றது. ஆகவே இடைவெளி குறைவு. பந்து மிக விரைவில் திரும்பி வரும். யோசிக்க அவகாசம் இராது. ஒருவர் பின்கோட்டில் நின்று பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்குவார். அவருடைய துணைவர் வலையருகே நின்று, தாம் எப்பக்கம் நகரப் போகிறார் என்பதை முதுகின் பின்னே விரலால் சைகை காட்டுவார். பின்னால் நிற்பவர் கால் நோக ஓடி, எதிரி நலமாக அடிக்க இயலாதபடி பந்தைத் திருப்பி, எதிரியின் கையிலிருந்து எளிய பந்து ஒன்று வருமாறு செய்வார். வலையருகே நிற்பவர் அதனை ஒரே தட்டில் முடித்துவிடுவார். சனங்கள் கைதட்டுவது முடித்தவருக்கு. ஆனால் புள்ளி எழுதப்படுவது இருவர் பேரிலும் சேர்த்துத்தான். 'இது என்னால் வந்தது, அது உன்னால் போயிற்று' என்று தனிக்கணக்கு பார்ப்பவன் இவ்வாட்டத்தில் நெடுநாள் நிலைக்கமாட்டான்.

உலகம் ஒற்றையர் ஆட்டத்தையே பெரிதாகக் கொண்டாடுகிறது. 2024ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஒற்றையரில் வென்றவருக்குக் கிடைத்த பரிசு 31 லட்சத்து 50 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். இரட்டையரில் வென்ற இணைக்கோ, இருவருக்கும் சேர்த்தே 7 லட்சத்து 30 ஆயிரம். தேசம் தேசமாகப் பிரயாணம் செய்யும் செலவும், தங்கும் செலவும், பயிற்சியாளருக்குக் கொடுக்கும் சம்பளமும் இருதிறத்தாருக்கும் உண்டு. எனவே இரட்டையர் ஆட்டத்தை மட்டும் நம்பி வாழத் துணிவது, சிறிய நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் குடும்பத்தைத் தாங்குவது போன்ற காரியமாகும்.

அவ்வாறு துணிந்தவர்களுள் ஒருவர்தான் ரோகன் போபண்ணா. இவர் 1980ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4ஆம் தேதி பிறந்தவர். குடகு மலையிலே காப்பித் தோட்டம் வைத்திருந்தவருடைய மகன். நம் பள்ளத்தாக்கில், மேகமலைச் சரிவிலும் குமுளிக்கு மேற்கேயும் தோட்டம் வைத்துள்ள குடும்பங்களின் பிள்ளைகள் எவ்விதம் வளர்கின்றனரோ, ஏறக்குறைய அவ்விதமே வளர்ந்தவர். பதினோராம் வயதில் மட்டையைக் கையிலெடுத்தார். கைவலிமைக்காக விறகு பிளந்ததையும், மூச்சுப் பலத்துக்காகக் காப்பித் தோட்டங்களுக்கு ஊடே ஓடியதையும் அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

2003ஆம் ஆண்டில், அதாவது தமது 23ஆம் வயதில், அவர் இதனைத் தொழிலாகக் கொண்டார். அக்காலத்தில் அவரும் ஒற்றையர் ஆட்டத்திலேதான் பேர் வாங்க முயன்றார். ஆனால் உலக வரிசையில் அவர் எட்டிய உயர்ந்த இடம் 213. அதுவும் 2007ஆம் ஆண்டில். நம்மவர் வழக்கப்படி பார்த்தால், 27 வயதில் 213ஆம் இடத்தில் இருப்பவனை நாம் என்ன சொல்லியிருப்போம்? 'போதும் அப்பா, ஊருக்கு வந்து தோட்டத்தைப் பார்' என்றுதான் சொல்லியிருப்போம். அவரோ தமது அளவைத் தாமே அறிந்தார். தமது உடலின் வலிமையும் சர்வீஸின் வேகமும் எங்கே அதிகம் பயன்படும் என்று ஆராய்ந்து, இரட்டையர் ஆட்டத்தில் முழுமனதையும் செலுத்தினார்.

2010ஆம் ஆண்டில் பாகிஸ்தானத்தைச் சேர்ந்த ஐசம் உல் ஹக் குரேஷி என்பவரோடு இணைந்து அமெரிக்கப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை சென்று, பிரையன் சகோதரர்களிடம் தோற்றார். இரு தேசத்தாரும் ஒரே பக்கத்தில் நின்று ஆடியதை உலகமே வியந்து பார்த்தது. 2012ஆம் ஆண்டில் மகேஷ் பூபதியோடும், 2015ஆம் ஆண்டில் ருமேனியாவைச் சேர்ந்த ஃபுளோரின் மெர்ஜியாவோடும் ஆண்டு முடிவுப் பந்தயத்தின் இறுதிக்கு வந்தார், இருமுறையும் தோல்வியே. 2013ஆம் ஆண்டில் இரட்டையர் வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறினார், அதன்பின் இறங்கினார். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவோடு கலப்பு இரட்டையரில் நான்காம் இடம். பதக்கம் கைக்கெட்டி நழுவிற்று. 2017ஆம் ஆண்டில், கனடா தேசத்துப் பெண்மணி காப்ரியேலா டப்ரோவ்ஸ்கியோடு இணைந்து பிரெஞ்சுப் பந்தயத்தின் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார். அவ்விறுதி ஆட்டத்தில் எதிரிகள் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் தோல்வி என்ற நிலை இருமுறை வந்தது, இருமுறையும் தப்பினர்.

பிறகு முழங்கால் மூட்டுக்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், நடப்பதே வேதனையாயிற்று. யோகாசனப் பயிற்சியினால் கால்களைத் தேற்றிக்கொண்டார். 2021ஆம் ஆண்டிலோ மாதக்கணக்கில் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. தாம் ஏன் இன்னும் ஆடுகின்றோம் என்று கடற்கரையில் அமர்ந்து சிந்தித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்பொழுது அவருக்கு வயது 41.

சபையோர்களே! இதற்கு மேல் நடந்ததுதான் உலகம் அறிந்த கதை. 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியராகிய மாத்யூ எப்டன் என்பவரோடு இணைந்தார். அவ்வாண்டு மார்ச்சில் இந்தியன் வெல்ஸ் பந்தயத்தை வென்று, அவ்வகைப் பெரும் பந்தயங்களை வென்றோருள் மூத்தவர் என்று பேர் பெற்றார். 2024ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி, மெல்போர்ன் நகரில் இத்தாலியராகிய பொலெல்லி, வவாஸ்சோரி என்னும் இணையை வென்று, ஆடவர் இரட்டையரில் தமது முதல் பெரும் பட்டத்தை அடைந்தார். அடுத்த இரு தினங்களில் இரட்டையர் வரிசையில் உலகின் முதலிடம் அவருடையதாயிற்று. வயது 43. அந்த வயதில் முதன்முறையாக முதலிடம் எய்தியவர் அவருக்கு முன் எவருமில்லை. அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் வந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 45ஆம் வயதில், மட்டையைக் கீழே வைத்தார்.

இனி, இவ்வரலாற்றை யாம் ஈண்டு எடுத்துரைத்த காரணத்துக்கு வருகின்றோம். இது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காரியமாதலால், சொல்லச் சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நமது உபகாரச் சம்பளக் கமிட்டியில் யாமும் ஓர் அங்கத்தினராக இருந்தோம். மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்த நம்மவர் பிள்ளை ஒருவர் மனுச் செய்திருந்தார். கல்லூரிகளுக்கிடையே நடந்த டென்னிஸ் பந்தயங்களில் இரட்டையர் ஆட்டத்தில் வென்றவர். வெளி மாகாணங்களில் நடக்கும் பந்தயங்களுக்குச் சென்றுவர ஓராண்டுக்கு ரயில் செலவும் தங்கும் செலவும் கொடுத்துதவ வேண்டும் என்பதே மனு. அவர் வந்து எங்கள் முன் நின்றார். "தம்பி, தனியாக ஆடி எந்தப் பந்தயத்தில் ஜெயித்தாய்?" என்று யாம் கேட்டோம். "தனி ஆட்டத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா. ஜோடியாக ஆடித்தான் ஜெயித்தேன்" என்றார். "அப்படியானால் பாதி வெற்றி உன் கூட்டாளியுடையதுதானே?" என்றோம் யாம். கமிட்டியார் நகைத்தனர். அவர் தலை குனிந்தார். விதிப்படி 21 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கொடுப்பதில்லை. அவருக்கோ வயது 23. ஆகவே மனுவின் மேல், 'தனித்த திறமை இல்லை. வயதும் கடந்தது' என்று எம் கையாலேயே எழுதித் தள்ளிவிட்டோம். விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

போபண்ணா இதனைத் தொழிலாகக் கொண்ட வயதும் 23 என்பதைச் சபையோர் கவனிக்க வேண்டும். மெல்போர்ன் ஆட்டத்தை யாம் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபொழுது, வெற்றி பெற்ற இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். எமக்கோ, தலைகுனிந்து நின்ற அப்பிள்ளையின் முகமே கண்ணில் நின்றது. அவர் ஊக்கப்பட்டிருந்தால் உலகின் முதலிடத்தை அடைந்திருப்பார் என்று யாம் சொல்ல வரவில்லை. லட்சத்தில் ஒருவருக்குக் கிட்டுவது அது. அவருக்கு நாம் மறுத்தது பட்டத்தை அன்று. முயன்று பார்க்கும் ஓராண்டையே மறுத்தோம். அதைக் காட்டிலும் பெரிய பிழை, கூடி உழைத்துப் பெற்ற வெற்றியைப் பாதி வெற்றி என்று இகழ்ந்தது.

அவர் இன்று போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரத்தில் கணக்குப் பார்க்கின்றார், கௌரவமாகவே இருக்கிறார். அண்மையில் அவரை ஏல மண்டி வாசலில் சந்தித்து, எமது மனத்தில் இருந்ததைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "அதை விடுங்கள், பெரியப்பா. இனி வருகிற பிள்ளையிடம் அப்படிக் கேட்காமல் இருந்தால் போதும்" என்றார். அன்று 'ஐயா' என்று அழைத்தவர் இன்று 'பெரியப்பா' என்று அழைத்தது எம்மை மேலும் வெட்கச் செய்தது. இத்தீர்மானம் அவ்வொரு வார்த்தையிலிருந்து பிறந்தது.

கனவான்களே! நமது கேள்வியில் இருந்த பிழை ஒருவருடைய பிழை அன்று; நம் அனைவருடைய வழக்கத்திலும் அது ஊறிக் கிடக்கின்றது. பரீட்சையில் முதல்வன் எவனோ அவனுக்கே பொன்னாடை. இரண்டாமவன் பேர் நம் சஞ்சிகையில் அச்சேறுவதில்லை. ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பதினெட்டு வயதிலேயே 'இனி ஆகாதவன்' என்று முடிவு கட்டிவிடுகின்றோம். ஆனால் நம் மலையிலே நாம் வளர்க்கும் ஏலச்செடியை அவ்விதம் நடத்துகின்றோமா? அது மர நிழலிலேதான் வளரும். நட்ட மறுமாதமே காய்க்கவில்லை என்று எவரும் அதைப் பிடுங்கி எறிவதில்லை. மூன்றாம் ஆண்டுவரை காத்திருக்கின்றோம். செடிக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்குக் காட்டுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

இனி மற்றொன்று. தமிழிலே 'பங்காளி' என்னும் சொல் பங்கு உடையவன் என்ற நல்ல பொருளையே உடையது. ஆனால் நம் ஊர்களில் அச்சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது என்ன? வரப்புத் தகராறும், வாய்க்கால் தகராறும், கோர்ட்டு வழக்குந்தான். 'பங்காளிக் காய்ச்சல்' என்று ஒரு வியாதிக்கே பேர் வைத்திருக்கின்றோம். 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை திறக்கப்பட்டது முதல், மலையைக் குடைந்து வரும் அந்நீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டே இப்பள்ளத்தாக்கு வாழ்கின்றது. 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவது அப்பங்கீட்டினால்தான். நீரில் கூட்டாக வாழத் தெரிந்த நாம், தோட்டத்திலும் கடையிலும் கூட்டாக வாழத் தெரியாமல், நன்றாக நடந்த எத்தனை தொழில்களைப் பாகப்பிரிவினையில் இழந்தோம் என்பது இங்குள்ள பெரியோர்களுக்குத் தெரியாததன்று.

டென்னிஸிலும் இக்காய்ச்சல் இல்லாமல் இல்லை. சென்னையிலே பிறந்த மகேஷ் பூபதியும், லியாண்டர் பயஸும் 1999ஆம் ஆண்டில் நான்கு பெரும் பந்தயங்களின் இறுதிக்கும் ஒருங்கே சென்று, பாரிஸிலும் விம்பிள்டனிலும் வென்றனர். அவ்விருவருக்கும் இடையே பிற்காலத்தில் மனவேற்றுமை உண்டாகி, ஆண்டுக்கணக்கில் பிரிந்தும் கூடியும் ஆடியதும் யாவரும் அறிந்ததே. அவர்கள் ஒன்றாகவே இருந்திருந்தால் இன்னும் எத்தனை பட்டங்கள் வந்திருக்கும் என்று இன்றும் பேசாதவர் இல்லை.

ஆனால் பிரிவதெல்லாம் பகையன்று என்பதையும் இவ்வாட்டமே கற்பிக்கின்றது. போபண்ணா தமது காலத்தில் எத்தனையோ துணைவர்களோடு ஆடினார். அவர்களுடைய தேசம் வேறு, பாஷை வேறு, மதம் வேறு. எப்டனோடு ஈராண்டு ஆடி, 2024ஆம் ஆண்டு முடிவுப் பந்தயத்தையும் ஒன்றாகவே ஆடி முடித்த பின்னரே அவ்விணை கலைந்தது. ஒப்புக்கொண்ட காலம் முழுவதும் மனங்கோணாது உழைத்து, கணக்கைத் தீர்த்துக்கொண்டு, கைகுலுக்கிப் பிரிவதும் ஒரு வித்தை. அது நம் வியாபாரிகளுக்கு அவசியமாக வேண்டிய வித்தை.

நம் தமிழ் நாட்டிலேயே இவ்விணையாட்டத்துக்கு நல்ல பரம்பரை உண்டு. தென்காசியைச் சேர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டனில் ஒற்றையர் அரையிறுதி வரை சென்றவர். 1966ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது. அந்த ஒரே வெற்றி எதில் வந்தது? கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து, நியூகோம்ப், ரோச் என்ற மகா சமர்த்தர்களை வென்ற இரட்டையர் ஆட்டத்தில்! அண்மைக் காலத்தில், 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், சீன தேசத்து ஹாங்சௌ நகரப் பந்தயத்தில் இரட்டையர் பட்டத்தை வென்ற ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் தமிழர்களே. அப்பொழுது இருவருமே முப்பது வயதைக் கடந்தவர்கள். அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவுக்குத் துணையாக நின்ற ஸ்ரீராம் பாலாஜி கோயமுத்தூரைச் சேர்ந்தவர்.

பெண்மக்களையும் மறத்தலாகாது. சானியா மிர்சா ஒற்றையரில் 27ஆம் இடம் வரை சென்றவர். காயங்களால் அவ்வாட்டத்தை 2013ஆம் ஆண்டில் விடுத்து, இரட்டையரிலேயே கருத்தை ஊன்றி, 2015ஆம் ஆண்டில் உலகின் முதலிடத்தை அடைந்தார். ஒரு வழி அடைபட்டால் மறு வழியைத் தேடுவது தோல்வியாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நம் பெண்மக்களுக்குக் கலியாணம் ஒன்றே மறுவழி என்று எண்ணும் தாய் தந்தையர் இதனைச் சிந்திப்பார்களாக.

இத்தகைய காரணங்களால், யாம் இச்சபையின் முன் பணிவுடன் வைக்கும் தீர்மானம் வருமாறு:

முதலாவது, உபகாரச் சம்பளத்துக்கு 21 வயது என்றுள்ள வரம்பை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, நிதியில் பத்தில் ஒரு பங்கை விளையாட்டு, சங்கீதம், கைத்தொழில் முதலியவற்றில் முயலும் ஆண் பெண் இருபாலாருக்கும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, குழுவாகவோ இணையாகவோ பெற்ற வெற்றியை முழு வெற்றியாகவே மதிக்க வேண்டும். நான்காவது, ஒருமுறை உதவி பெற்றுத் தோற்றவரும் மறுமுறை மனுச் செய்யலாம் என்று விதி வகுக்க வேண்டும்.

"இருக்கும் நிதி வைத்தியப் படிப்புக்கும் என்ஜினீயர் படிப்புக்குமே போதவில்லையே" என்று பொக்கிஷதாரர் அவர்கள் கேட்பது நியாயமே. அப்படிப்புக்களுக்கு உரிய பணத்தில் கைவைக்க யாம் சொல்லவில்லை. தோட்டம் உடைய ஒவ்வொரு குடும்பத்தாரும் இவ்வாண்டு ஏல மகசூலில் ஒரு மூட்டையின் விலையை இந்தப் பத்தில் ஒரு பங்குக்கென்று தனியே கொடுப்பார்களாயின், பழைய நிதி குறையாது. முதல் மூட்டையின் விலையை யாமே இன்று காரியதரிசியிடம் செலுத்திவிட்டோம். இது தர்மம் என்று எண்ணிச் செய்ததன்று. பழைய கடனைத் தீர்க்கும் முதல் தவணை.

நாளை ஒரு பிள்ளை, உத்தமபாளையத்திலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ, கையில் மனுவோடு நமது கமிட்டியின் முன் வந்து நிற்பார். தாம் தனியே வென்றது ஒன்றுமில்லை, துணைவரோடு நின்று வென்றதே உண்டு என்பார். அப்பொழுது நம்மவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உன் துணைவன் எங்கே, தம்பி? அவனையும் உள்ளே அழைத்து வா."